அடிக்கடி தலைவலி வர என்ன காரணம்? கண்ணும் சரி, பிபியும் சரி, பிறகு ஏன்?

வாரத்தில் பாதி நாள் தலைவலி, கண் டாக்டர் பார்வையில் குறை இல்லை என்கிறார், பிபியும் சரியாக இருக்கிறது, மாத்திரை போட்டால் அடங்குகிறது, ஆனால் இரண்டு நாளில் மறுபடி வந்துவிடுகிறது, ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஒற்றைத் தலைவலியோடு வாழ்கிறவன். எனக்கு வைத்தியம் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கிச் சொன்னதையும், நானே தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் நான் உங்களைத் திருப்பிக் கேட்க விரும்புவது ஒன்றுதான். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்? மாத்திரைக் கணக்கு வேண்டாம், நாள் கணக்கு போதும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பித்துவிடலாம். காஃபீனோ வேறு மருந்தோ கலந்த கூட்டு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகை, ஓபியாய்டு எனப்படும் கடுமையான வலி மருந்து வகை என்றால் மாதத்தில் 10 நாளே போதும். ஏற்கெனவே தலைவலித் தொந்தரவு உள்ளவர்களுக்குத்தான் இது வரும். முதுகுவலிக்காக அதே மாத்திரையைத் தினம் போடுகிற எல்லாருக்கும் வருவதில்லை. வலி வருகிறது, மாத்திரை போடுகிறோம், அதன் வேகம் இறங்கியதும் மறுபடி வலி, மறுபடி மாத்திரை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இதிலிருந்து வெளியே வர முடியும், ஆனால் நிறுத்திய முதல் சில நாட்கள் வலி கூடும், அதனால் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று விடக்கூடாது.

சரி, பொதுவான காரணங்களுக்கு வருகிறேன். மூளைக்குத் தனியாக வலி தெரியாது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வு, ரத்தக் குழாய்கள், முகத்துக்கும் தலைக்கும் போகிற நரம்புகள், கழுத்துத் தசைகள், இவைதான் வலிக்கின்றன. அதனால்தான் பல்லில், தாடையில், கழுத்தில், கண்ணில் ஏதாவது என்றாலும் அது தலைவலியாகத் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு வருகிற தலைவலிக்குப் பின்னால் வேறு நோய் எதுவும் இருக்காது, தலைவலியேதான் நோய். அதில் ரொம்பச் சாதாரணமானது இறுக்கத் தலைவலி: தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினது போல இரண்டு பக்கமும் மந்தமாக வலிக்கும், வாந்தி இருக்காது, வேலையை இழுத்துப் பிடித்துச் செய்துவிடலாம்.

ஒற்றைத் தலைவலி அப்படி இல்லை. விண்விண்ணென்று தெறிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம், மாடிப்படி ஏறினால் இன்னும் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. எனக்கு வந்துவிட்டால் பக்கத்து அறையில் யாராவது பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்கூட நெற்றிப்பொட்டில் அடிக்கிற மாதிரி இருக்கும். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை இருக்கும். சிலருக்கு வலிக்கு முன்னால் பார்வையில் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் வந்து போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், மாதவிடாய்க்குச் சற்று முன்னால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குவது இதற்கு ஒரு பெரிய காரணம். இன்னொன்று அரிதானது, கொத்துத் தலைவலி என்பார்கள். ஒரு கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி, அந்தக் கண்ணில் நீர் வடியும், அந்தப் பக்க மூக்கு அடைக்கும், ஆள் படுக்க முடியாமல் நடந்துகொண்டே இருப்பார். இதைச் சாதாரணத் தலைவலி என்று நினைத்து வருடக்கணக்கில் வெறும் மாத்திரையில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம், அதற்கென்று தனி வைத்தியம் உண்டு.

சைனஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'எனக்கு சைனஸ் தலைவலி' என்று சொல்லிக்கொள்கிற பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கன்னத்தில் அழுத்தம் தெரியும். கெட்டியான சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது இதெல்லாம் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் சைனஸ் மேல் பழி போடாதீர்கள். பிபியும் அப்படித்தான், அது மிக அதிகமாக, 180/120 பக்கம் ஏறினால்தான் பொதுவாகத் தலைவலி தரும். இலேசாகக் கூடியிருக்கிற பிபிக்கு பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.

அப்புறம் தூண்டுதல்கள். காரணம் வேறு, தூண்டுதல் வேறு என்பது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒற்றைத் தலைவலிக்கான இயல்பு உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது இருக்கும். தூக்கம் கெடுவது, நேரத்துக்குச் சாப்பிடாதது, தண்ணீர் குறைவது, மன அழுத்தம், கூசுகிற வெளிச்சம், கடுமையான வாசனை, மது, வானிலை மாற்றம், இவை அதைக் கிளப்பிவிடுகின்றன. ஒன்று மட்டும் வந்தால் பல சமயம் ஒன்றும் ஆகாது, மூன்று சேர்ந்தால் வலி வந்துவிடலாம். குடம் நிரம்பி வழிவது கடைசிச் சொட்டால் மட்டும் இல்லையே. அதனால்தான் 'போன வாரம் இதே வெயிலில் அலைந்தேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று நாம் குழம்புகிறோம். போன வாரம் நன்றாகத் தூங்கியிருப்போம்.

தூக்கத்தில் குறைவு மட்டும் இல்லை, அதிகமும் தொல்லைதான். விடுமுறை நாளில் மட்டும் தலைவலி வருகிறவர்களைக் கவனியுங்கள்: தாமதமாக எழுந்திருப்பார்கள், காலை உணவும் காபியும் தள்ளிப்போயிருக்கும், வாரம் முழுக்க இருந்த அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கும். காபி விஷயம் தனியாகவே முக்கியம். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் ஒரு நாள் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், சில நாட்கள் நீடிக்கலாம். குறைக்க நினைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காலையில் எழும்போதே தலைவலி என்றால் இரவில் குறட்டை விட்டு மூச்சு தடைபடுகிறதா, பல்லைக் கடிக்கிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, தூண்டுதலைக் கண்டுபிடிக்கிறேன் என்று பிடித்ததையெல்லாம் விட்டுவிடாதீர்கள். என் அக்காவுக்கும் இந்தத் தலைவலி உண்டு. சாக்லேட் சாப்பிட்டால் வருகிறது என்று வெகுகாலம் அதைத் தொடவே இல்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால் வலிக்கு முந்தின நாளே அவருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும், கழுத்து இறுகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், அப்போதுதான் இனிப்பு வேண்டும் என்று தோன்றும். தலைவலி ஏற்கெனவே உள்ளே ஆரம்பித்துவிட்டது, சாக்லேட் ஆசை அதன் அறிகுறி. எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு தடவை நடந்ததை வைத்து எந்தச் சாப்பாட்டையும் ஒதுக்கக்கூடாது.

இதற்கு ஒரே வழி எழுதி வைப்பது. பெரிய டைரி வேண்டாம், காலண்டர் தாளிலேயே போதும்: வலி எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், குமட்டல் இருந்ததா, என்ன மாத்திரை, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், பெண்கள் என்றால் மாதவிடாய் தேதி. இரண்டு மூன்று மாதம் எழுதினால் போதும். மருத்துவர் உங்கள் வாயால் கேட்பதைவிட அந்தத் தாளிலிருந்து அதிகம் தெரிந்துகொள்வார்.

வேறு காரணங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்துக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரைகள் தலைவலி தரும். புது மருந்து எதையாவது ஆரம்பித்த பிறகு வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடினால் வரும், உயிரைப் பறிக்கும் விஷயம், உடனே எல்லாரையும் வெளியே கூட்டிப்போக வேண்டும்.

இப்போது ஸ்கேன் கேள்வி. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்க்கையிலேயே அனுபவிக்காத அளவு திடீர்த் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, குழப்பம். அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. கண் சிவந்து பார்வை மங்கி வாந்தியோடு வரும் வலி, இவற்றில் எதுவாக இருந்தாலும் ஸ்கேனுக்கு நாள் குறிக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக வருகிற தலைவலி, அதிலும் நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி இருந்தால் தாமதிக்கக்கூடாது, பார்வையே போகக்கூடிய ஒரு ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வருகிற கடும் தலைவலி, இருமினால் தும்மினால் கிளம்புகிற தலைவலி, புற்றுநோயோ நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர்களுக்குப் புதிதாக வருவது, இவற்றையும் சீக்கிரம் காட்டுங்கள்.

உங்களுக்கு இவை எதுவும் இல்லை, வலியின் தன்மையும் மாறவில்லை, மருத்துவர் நரம்புப் பரிசோதனை செய்து எல்லாம் சரி என்கிறார் என்றால் ஸ்கேனில் எதுவும் கிடைக்க வாய்ப்பு குறைவு. ஸ்கேன் சுத்தமாக வந்ததால் உங்கள் வலி பொய் என்றும் ஆகாது, ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரியாது. தலைவலிக் குறிப்பையும் இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை நாட்களின் கணக்கைக் கேட்காமலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மாதத்தில் இத்தனை நாள் வலி என்றால் வந்த பிறகு போடும் மாத்திரை போதாது, வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, அதை அவரிடம் கட்டாயம் கேளுங்கள்.