மறதி, மனச்சோர்வு, மூளையின் கையிருப்பு: முதியோர் மனநலக் கேள்வி பதில்

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வயது 74. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். நினைவையும் சிந்தனையையும் அளக்கும் ‘மோகா’ சோதனையில் 30-க்கு 27. பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நம்பலாமா?

பதில்: 26 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவருக்கு, அந்தச் சோதனையில் வரும் 100-லிருந்து ஏழேழாகக் கழிப்பது ஒரு வேலையா? போன மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று தாளை வாங்கிப் பாருங்கள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துக் கேட்கும் பகுதியில் மூன்றும் போயிருந்தால் விடக்கூடாது. படிப்பும் மூளைக்கு வேலை கொடுத்த தொழிலும் சேர்த்துவைக்கும் கையிருப்பு, நோயை வெளியே தெரியாமல் வெகுகாலம் மறைத்துவிடும். அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளிடம் டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய ஆய்வில், 101 வயதில் இறந்த சிஸ்டர் மேரி கடைசிவரை சோதனைகளை நன்றாகவே எழுதினார். இறந்தபின் பார்த்தால், மூளையில் அல்சைமர் என்ற மறதி நோயின் தடயங்கள் நிறைய. அப்பாவை ஊராரோடு ஒப்பிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன்பிருந்த அவரோடு ஒப்பிடுங்கள். ஓராண்டுக்குள் மறுசோதனை அவசியம்.

கேள்வி: அம்மாவுக்கு லேசான அறிதிறன் குறைபாடு (வயதுக்கு மீறிய மறதி, ஆனால் மறதி நோய் என்னும் அளவுக்கு இல்லை) என்றார்கள். இப்போது கோயிலுக்கும் போவதில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. வயதானால் இப்படித்தானே?

பதில்: இல்லை. எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். இந்தக் குறைபாடுள்ளவர்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. நம் முதியவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று அபூர்வமாகவே சொல்வார்கள். உடம்பு வலிக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: மனச்சோர்வால் மறதியா, மறதியால் மனச்சோர்வா?

பதில்: இரண்டும் உண்டு. பெரும்பாலும், சோர்ந்தவர் முயலாமலே ‘தெரியாது’ என்பார். சிறு குறிப்புக் கொடுத்தால் நினைவு வந்துவிடும். அல்சைமர் தொடங்கியவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார், குறிப்பும் உதவாது. கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் அதை எடுத்துச் செலவழிக்க ஊக்கம் வேண்டுமே, சோர்வு பறிப்பது அதைத்தான். அறுபதுக்குமேல் முதன்முறையாக வரும் சோர்வு, மறதி நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் சோர்வு தெளிந்தபின் மறுபடி சோதிக்கச் சொல்வேன். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனை முதல் நாளே.

கேள்வி: பாட்டி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. அவருக்குக் கையிருப்பே கிடையாதா?

பதில்: யார் சொன்னது? ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. சந்தையில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசிய பாட்டிக்கு அதுவே படிப்பு.

கேள்வி: தூக்கம் வர அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுக்கிறோம். சரியா?

பதில்: நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையையே அது தடுக்கிறது. நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

கேள்வி: சுடோகு போடச் சொல்லலாமா?

பதில்: பிடித்தால் போடட்டும். அதற்குமுன் காது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், ஒதுங்கினால் சோர்வும் மறதியும் சேர்ந்தே வளரும். சுடோகு புத்தகத்துக்கு முன்னால் காதுக் கருவி வாங்குங்கள்.