வாசகர் கேள்வி - பதில்: பளியர் பேரு ஏன் பேப்பர்ல வர்றதில்ல?

கேள்வி: எங்க சாப்டூர் மலைப்பக்கம் இருக்குற பளியர் பழங்குடி மக்களப் பத்தி எப்பவாவதுதான் செய்தி வருது. ஒண்ணு அரிசி, சேலை கொடுத்த போட்டோ, இல்லன்னா நோயாளிய தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்த செய்தி. இவ்வளவுதானா அவங்க வாழ்க்க?
- பேரையூர் வாசகர்

பதில்: இல்லண்ணே. அந்த சேலை கொடுக்குற போட்டோவ அடுத்த தடவ நல்லா பாருங்க, கொடுக்குறவரு பேரு, பதவி, பின்னால நிக்கிறவங்க பேரு வரைக்கும் கீழ போட்டுருப்பாங்க, வாங்குற அந்தம்மா பேரு மட்டும் இருக்காது. எனக்குக் கோவம் வர்றதே அங்கதான். தொட்டில் செய்தி கண்டிப்பா வரணும், ஆனா ரோடு ஏன் இன்னும் போடல, எந்த ஆபீஸ்ல ஃபைல் நிக்கிதுன்னு அடுத்த மாசம் திரும்பிப் போய் கேக்குற நிருபர் ரொம்பக் கம்மி.

2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிச்சாங்கல்ல, நாட்டுலயே 51வதுன்னு எல்லா சேனல்லயும் வந்துச்சு. அந்த மலையிலதான் பளியர் தலைமுறை தலைமுறையா தேன் எடுத்து, கிழங்கு தோண்டி, நெல்லிக்காய், கடுக்காய் பொறுக்கி வாழ்றாங்க, எந்தப் பாறையில எப்ப தேன் கட்டும், யானை எந்தப் பக்கம் இறங்கும்னு அவங்களுக்குத் தெரியும், ஆனா காட்டப் பத்தின செய்தின்னா மைக்கு வனத்துறை அதிகாரிகிட்டதான் போகுது.

இன்னொண்ணு, 2006 வன உரிமைச் சட்டம். வழிவழியா பொறுக்குற தேன், கடுக்காய் மாதிரி சிறு வனப்பொருள் மேல அவங்களுக்கே உரிமைன்னு அதுல இருக்கு, குடியிருக்குற, பயிர் பண்ற நிலத்துக்கும் உரிமை கேக்கலாம், அந்த மனுவ முதல்ல பாக்க வேண்டியது கிராம சபை. நம்ம தமிழ்நாட்டுல 2008ல கோர்ட்டு போட்ட உத்தரவால பட்டா கொடுக்குறது வருஷக்கணக்கா முடங்கிக் கெடந்து, 2016லதான் சுப்ரீம் கோர்ட்டு அத நீக்குச்சு. அத்தன வருஷம் ஒரு மாநிலத்துப் பழங்குடி மக்களோட உரிமை நின்னு போயிருக்கு, டீக்கடையில பேப்பர் படிக்கிற எத்தன பேருக்கு இது தெரியும்?

கேள்வி: போலீஸ், வனத்துறை சொல்றத செய்தியா போடுறதுல என்ன தப்பு சார்?
- திருமங்கலம் வாசகர்

பதில்: அத மட்டும் போடுறதுதான் தப்பு. வாச்சாத்திய நெனச்சுப் பாருங்க. 1992 ஜூன் 20, தருமபுரி பக்கம் பழங்குடி மக்கள் இருக்குற ஒரு மலையடிவார ஊரு, சந்தனக்கட்ட தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு சேந்து போயி ஊரையே சூறையாடி, 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணுனாங்க. கடத்தல்காரங்க ஊருன்னு அதிகாரிங்க சொன்னதோட விட்டுருந்தா உண்மை அங்கயே புதைஞ்சிருக்கும். மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரங்க போயி அந்த சனங்க வாயால கேட்டு வெளிய கொண்டுவந்தாங்க. 2011ல 215 பேரு குற்றவாளின்னு தீர்ப்பு, 2023ல ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. அந்தப் பொண்ணுங்க 19 வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சப்புறம்தான் முதல் தீர்ப்பே வந்துச்சு சார்.

கேள்வி: நான் காலேஜ்ல ஜர்னலிசம் படிக்கிறேன்க்கா. ஒரு பளியர் குடியிருப்புக்குப் போயி வீடியோ எடுக்கப் போறோம், எதுல கவனமா இருக்கணும்?
- மதுரை மாணவி

பதில்: சந்தோஷம் தங்கச்சி. மொத நாளே கேமராவத் தூக்காதீங்க, பெரியவங்ககிட்ட எதுக்கு வந்துருக்கோம், எங்க போடப் போறோம்னு சொல்லி சம்மதம் வாங்குங்க. ஆடச் சொல்லாதீங்க, பாடச் சொல்லாதீங்க. அந்தமான்ல ஜாரவா பழங்குடிப் பொண்ணுங்கள சாப்பாட்டக் காட்டி ஆட வச்ச வீடியோ 2012ல வெளிவந்து நாடே தல குனிஞ்சது. 'கற்கால மனிதர்கள்'னு தலைப்பு வச்சா வியூஸ் வரும், வைக்காதீங்க, அவங்களும் ரேஷன் கார்டும் செல்போனும் வச்சுக்கிட்டு சாதிச் சான்றுக்கு தாலுகா ஆபீஸ்ல நிக்கிறவங்கதான்.

முடிஞ்சா அங்க படிச்ச பிள்ளைங்க கையிலயே போனக் கொடுத்துப் பேச விடுங்க. சத்தீஸ்கர்ல சிஜிநெட் ஸ்வரான்னு போன் வழியா நடக்குற ஒரு செய்திச் சேவை இருக்கு, கோண்டு பழங்குடி மக்கள் போன் போட்டு அவங்க பாஷையிலயே ஊர்ப் பிரச்சனையப் பதிவு பண்ணுவாங்க, அத சரிபாத்து மத்தவங்களும் போன்லயே கேக்குற மாதிரி வைப்பாங்க, ரேஷன் வரல, கை பம்பு ரிப்பேருன்னு வர்ற செய்திய எடுத்துக்கிட்டு அதிகாரிங்களுக்குப் போன் அடிச்சுக் கேக்குறவங்களும் உண்டு.

அப்புறம் எடிட் பண்ணுனத யூடியூப்ல ஏத்துறதுக்கு முன்னாடி திரும்ப மலைக்குப் போயி அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, வேணாம்னு சொல்ற இடத்த வெட்டிருங்க, பேசுன ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரு போடலாமான்னு கேட்டு, சரின்னா கீழ அவங்க பேர முழுசா போடுங்க.