கழுத்தா, கையா, காலா: சப்மிஷன் பத்தி கேட்டதும் சொன்னதும்

ஜூடோல ஆரம்பிச்சு பிரேசிலியன் ஜியுஜிட்சு பக்கம் வந்தவ நான், இப்ப ப்ரௌன் பெல்ட். எடை 60 கிலோவுக்குள்ள, ஆனா கூட ரோல் (பயிற்சிச் சண்டை) பண்றவங்கள்ல பாதிப் பேர் என்னை விட 20 கிலோ ஜாஸ்தி. அதனால என் பதில்ல கொஞ்சம் சின்ன உடம்புக்காரி பாரபட்சம் இருக்கும், சொல்லிட்டேன். சப்மிஷன் பத்தி, அதாவது எதிராளிய தோல்விய ஒத்துக்க வைக்கற பிடிகளைப் பத்தி, நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க, அதையெல்லாம் சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, சுத்தி வளைக்காம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க ஃபேவரிட் எது?

கீ (தடிமனான காலர் வெச்ச ஜூடோ மாதிரி உடுப்பு) போட்டிருந்தா போ அண்ட் ஆரோ சோக் (சோக்னா கழுத்தை நெரிக்கற பிடி), கீ இல்லன்னா ரியர் நேக்கட் சோக். ரெண்டு சொல்லிட்டியேன்னு கேக்காதீங்க, ரெண்டுமே முதுகுல ஒட்டிக்கிட்டு கழுத்தைப் பிடிக்கறதுதான், பிடிக்க காலர் இருக்கா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.

ஏன் கழுத்துன்னா, கைய காலை முறுக்கும்போது வலிய தாங்கிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற வாய்ப்பு அவன்கிட்டயே இருக்கு. 2004 உலக சாம்பியன்ஷிப் ஆப்சலூட் (எடைப் பிரிவு பாக்காத) ஃபைனல்ல ரோஜர் கிரேஸி ஆர்ம்பார் (முழங்கைய எதிர்ப்பக்கமா வளைக்கற பிடி) போட்டு ஜக்கரே கைய உடைச்சே விட்டார், ஜக்கரே டாப் பண்ணல (தோத்துட்டேன்னு கையால தட்டல), அந்தக் கைய பெல்ட்டுக்குள்ள சொருகிக்கிட்டு மிச்ச நேரத்த ஓட்டி பாயிண்ட்ல ஜெயிச்சுட்டுப் போயிட்டார். கை உடைஞ்சவர் சாம்பியன், உடைச்சவர் ரன்னர் அப்! சோக்ல இந்தக் கதையே நடக்காது. வீரம், வைராக்கியம் எல்லாம் மூளைக்கு ரத்தம் போற வரைக்கும்தான்.

போ அண்ட் ஆரோ எப்படின்னா, முதுகுல இருக்கும்போது அக்குள் வழியா போற கையால அவன் காலரை கீழ இழுத்து தொளதொளப்பை எடுத்துடணும், அப்புறம் அதே காலரை தோளுக்கு மேல வர்ற இன்னொரு கைக்கு ஊட்டணும், கட்டை விரல் உள்ள, எவ்ளோ ஆழமா முடியுமோ அவ்ளோ ஆழமா. அப்புறம் ஃப்ரீயான கையால அவன் முட்டிக்கிட்ட பேண்ட்டைப் பிடிச்சு, பக்கவாட்டுல சாஞ்சு, ஒரு காலை அவன் தோள் மேல போட்டு உடம்பை நீட்டினா முடிஞ்சுது. கையில பலமே வேணாம், முதுகும் காலும்தான் இழுக்குது. என் சைஸுக்கு இதை விட நியாயமான ஒண்ணு கிடையாது.

கேள்வி: கழுத்தை நெரிச்சா மூச்சு நின்னு செத்துட மாட்டாங்களா? இதைப் போய் ஸ்போர்ட்னு சொல்றீங்களே மேடம்?

நல்ல கேள்வி, கோவமா கேட்டிருந்தாலும். சரியா போட்ட சோக்ல மூச்சுக்குழாய் நசுங்கவே கூடாது. கழுத்தோட ரெண்டு பக்கமும் ஓடற கரோட்டிட் தமனியத்தான் அழுத்தறோம், நடுவுல தொண்டைக்குழி நம்ம முழங்கையோட மடிப்புக்குள்ள சும்மா உக்காந்திருக்கும். ரெண்டு பக்கமும் அடைபட்டா கிட்டத்தட்ட 10 செகண்ட்ல நினைவு போயிடும், விட்ட உடனே சில செகண்ட்ல கண்ணு முழிச்சுப்பாங்க. மூச்சு முட்டற மாதிரி, இருமல் வர்ற மாதிரி இருந்தா போடறவங்களுக்கு இன்னும் வரலன்னு அர்த்தம்.

ஆனா ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். கழுத்து ரத்தக்குழாய்ல கிழிசல் விழுந்து ஸ்ட்ரோக் வந்த கேஸ்கள் மெடிக்கல் ஜர்னல்கள்லயே இருக்கு, அபூர்வம்தான், ஆனா இருக்கு. பிபி, ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க டாக்டர்கிட்ட பேசாம வரக்கூடாது. ரோல் பண்ணும்போது யாராவது மயங்கிட்டா உடனே விட்டுட்டு மல்லாக்க படுக்க வைங்க, தண்ணி ஊத்தறது கன்னத்துல அறையறது எல்லாம் வேண்டாம். அன்னைக்கு அவங்களுக்கு அதோட ப்ராக்டிஸ் முடிஞ்சுது. முழிச்ச பிறகும் தலைவலி, பேச்சு குழறல், பார்வை மங்கல்னு ஏதாவது இருந்தா அடுத்த நாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க, நேரா ஹாஸ்பிட்டல்.

கேள்வி: யூஎஃப்சி கூண்டுச் சண்டை பாத்துட்டு என் தம்பி மேல ரியர் நேக்கட் ட்ரை பண்ணேன், செமயா வொர்க் ஆச்சு ப்ரோ!

ப்ரோ இல்ல, அக்கா. தம்பிக்கு டாப் பண்ணத் தெரியுமா? உனக்கு எப்ப விடணும்னு தெரியுமா? ரெண்டும் தெரியற வரைக்கும் வீட்டுல வேண்டாம்ப்பா.

கேள்வி: எனக்கு கால் குட்டை. ட்ரையாங்கிள் (காலால கழுத்தை நெரிக்கற பிடி) பூட்டவே மாட்டேங்குது. விட்டுடவா?

விடாதீங்க. முக்கால்வாசி பேருக்கு பிரச்சனை காலோட நீளம் இல்ல, ஆங்கிள். நேருக்கு நேரா மல்லாந்து படுத்துக்கிட்டு பூட்டப் பாத்தா ஆறடி ஆளுக்கே பூட்டாது. அவன் இடுப்புல ஒரு காலை வெச்சு உதைச்சு நீங்க பக்கவாட்டுல திரும்பணும், அவன் காது உங்களுக்கு நேரா தெரியற வரைக்கும். பாதத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க, கணுக்கால்தான் போகும், முட்டிக்குக் கீழ முன்பக்கம் இருக்கற எலும்பைப் பிடிச்சு இழுங்க. அப்புறம் அந்த கணுக்காலை இன்னொரு முட்டிக்குப் பின்னாடி பூட்டுங்க. ஒரு பக்கம் உங்க தொடை, இன்னொரு பக்கம் அவனோட சொந்தத் தோள், இது ரெண்டும்தான் கழுத்தை அடைக்குது. அந்தத் தோள் கழுத்துல ஒட்டலன்னா ராத்திரி வரைக்கும் நெரிச்சாலும் ஒண்ணும் ஆகாது.

ட்ரையாங்கிள்னாலே எனக்கு ஞாபகம் வர்றது 2010ல ஆண்டர்சன் சில்வா - செயில் சானன் யூஎஃப்சி ஃபைட்தான். நாலு ரவுண்டு முழுக்க கீழ கிடந்து அடி வாங்கினார் சில்வா, அஞ்சாவது ரவுண்டுலயும் அதே கதைதான், திடீர்னு கீழ இருந்தே ட்ரையாங்கிள், அதோட ஆர்ம்பார், முடிஞ்சுது. அப்புறம் 2020ல கபீப் தன் கடைசி ஃபைட்ல ஜஸ்டின் கேட்ஜியை ட்ரையாங்கிள்லதான் முடிச்சார். ஆர்ம்பாருக்கு சான்ஸ் இருந்தும், கேட்ஜியோட அப்பா அம்மா முன்னாடி கைய உடைக்க வேண்டாம்னு விட்டுட்டார்னு பின்னாடி அவர் டீம்மேட் டேனியல் கார்மியர் சொன்னார். தூங்க வெச்சா எழுந்துப்பான், கை உடைஞ்சா ஆறு மாசம். கழுத்துதான் கருணையானதுன்னு நான் சொன்னா ஜிம்ல எல்லாரும் சிரிக்கறாங்க, கபீப் சொன்னா கேப்பீங்கள்ல.

கேள்வி: கிமுரா பிடி (கைய முதுகுப் பக்கமா முறுக்கற தோள்பூட்டு) கிடைச்சுடுது, ஆனா பலசாலிங்க ஷார்ட்ஸைப் பிடிச்சுக்கறாங்க. என்ன பண்றது அக்கா?

கிமுராவை முடிக்கணும்னு நினைக்கறதுலதான் தப்பே ஆரம்பிக்குது. அதை நான் ஒரு கைப்பிடியா மட்டும்தான் பாக்கறேன். மணிக்கட்டை ஒரு கையில பிடிச்சு, இன்னொரு கைய அவன் கைய சுத்தி விட்டு நம்ம மணிக்கட்டையே பிடிச்சுட்டா, அந்தப் பக்கம் அவன் எங்க உருண்டாலும் நம்மளோடதான் உருளணும். ஷார்ட்ஸைப் பிடிச்சுக்கறானா, பிடிச்சுக்கட்டும், அவன் ஒரு கை அங்கயே மாட்டிக்கிச்சே. அப்படியே ஸ்வீப் பண்ணலாம் (கீழ இருந்து அவனைப் புரட்டிட்டு மேல வர்றது), முதுகுக்குப் போகலாம். நான் பெரும்பாலும் முதுகுக்குத்தான் போவேன், அங்க போனா என்ன பண்ணுவேன்னு மேலயே சொல்லிட்டேன்.

முடிச்சே ஆகணும்னா அவன் முழங்கைய 90 டிகிரில வெச்சு நெஞ்சோட ஒட்டிக்கிட்டு மொத்த உடம்பையும் திருப்புங்க, கைய மட்டும் வெச்சு முறுக்காதீங்க.

ஜூடோல இதுக்கு உடே கராமின்னு பேரு, கேட்ச் ரெஸ்லிங்ல (பூட்டுப் பிடிகள் உள்ள பழைய மேற்கத்திய மல்யுத்தம்) டபுள் ரிஸ்ட்லாக். 1951ல ரியோ டி ஜெனீரோல ஜப்பான் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா இதைப் போட்டு, பிரேசிலியன் ஜியுஜிட்சுவை உருவாக்கின குடும்பத்து ஹீலியோ கிரேஸி கைய உடைச்சார், ஹீலியோ டாப் பண்ணல, கார்னர்ல இருந்த அண்ணன் கார்லோஸ்தான் ஃபைட்டை நிறுத்தினார். அதுக்கப்புறம் கிரேஸி குடும்பமே அந்தப் பிடிக்கு தோக்கடிச்சவர் பேரையே வெச்சிடுச்சு. 2000ல சகுராபா அதே பிடியில ரென்ஸோ கிரேஸி முழங்கையைக் கழட்டினார், அவரும் டாப் பண்ணல. பாத்தீங்களா, திரும்பவும் அதே கதை.

கேள்வி: நம்ம ஊரு மல்யுத்தத்துல, குஷ்தில எல்லாம் சப்மிஷன் உண்டா?

இப்ப நடக்கற குஷ்தில ரெண்டு தோளும் மண்ணுல பட்டா முடிஞ்சுது, ஒலிம்பிக் மல்யுத்தத்துல 'பின்' (ரெண்டு தோளையும் தரையில அழுத்தறது) அல்லது பாயிண்ட், டாப் பண்ண வைக்கறது ரெண்டுலயும் இல்ல. அதனாலதான் மல்யுத்தக்காரங்க எங்க மேட்டுக்கு (பயிற்சி விரிப்பு) வந்தா ஆரம்பத்துல முதுகைக் காட்டிடறாங்க. அவங்க விளையாட்டுல மல்லாந்தாதான் தோல்வி, குப்புறப் படுத்தா தப்பிச்சோம்னு உடம்புல ஊறியிருக்கு, எனக்கோ முதுகு கிடைச்சா தீபாவளி. ஆனா அவங்க பேலன்ஸும் இடுப்பு பலமும் வேற லெவல், ஆறு மாசத்துல இதைப் பழகிட்டாங்கன்னா அப்புறம் அவங்ககூட ரோல் பண்றது பெரும்பாடு.

இந்த ரெண்டு உலகமும் மோதின ஃபைட் ஒண்ணு இருக்கு, 1976 டிசம்பர்ல கராச்சில. குஷ்தி ஜாம்பவான் காமா பஹல்வான் குடும்பத்து அக்ரம் பஹல்வானும் ஜப்பானோட ப்ரோ ரெஸ்லர் அன்டோனியோ இனோகியும். இனோகி போட்டது டபுள் ரிஸ்ட்லாக், அக்ரம் கை போச்சு.

கேள்வி: ஆர்ம்பார் போடும்போது கை எப்பவும் நழுவிடுது மேடம்.

முட்டி ரெண்டும் விரிஞ்சிருக்கும், அதான். கையைப் பிடிச்சு இழுக்கறதை விட முட்டியால அவன் தோளை நெருக்கறது முக்கியம். உங்க இடுப்பு அவன் தோளோட ஒட்டியிருக்கணும், அவன் கட்டை விரல் மேல பாக்கணும், அப்புறம் இடுப்பை மெதுவா தூக்கினா போதும். ரோண்டா ரௌஸியோட பழைய ஃபைட்களைப் பாருங்க, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஜூடோல வெண்கலம் வாங்கினவங்க, 2015ல கேட் ஸிங்கானோவை 14 செகண்ட்ல ஆர்ம்பார்ல முடிச்சாங்க. வேகத்தைப் பாக்காதீங்க, விழும்போதே தொடை ரெண்டும் கைய எப்படி விடாம கவ்வுதுன்னு பாருங்க.

கேள்வி: கில்லட்டின்ல (முன்னாடி இருந்து தலைய அக்குள்ல மாட்டி கழுத்தை நெரிக்கற பிடி) மாட்டினா எப்படி தப்பிக்கறது?

தலை மாட்டியிருக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தி சைட் கண்ட்ரோலுக்கு (பக்கவாட்டுல இருந்து அவன் நெஞ்சு மேல அமுக்கற நிலை) போயிடுங்க. அங்க போன பிறகும் அவன் பிடிவாதமா கழுத்தை விடலன்னா உங்க தோளை அவன் கழுத்துல இறக்குங்க, அதுக்கு பேரு வான் ஃப்ளூ சோக், ஓவின்ஸ் செயிண்ட் ப்ரூ இதை வெச்சே யூஎஃப்சில பல ஃபைட் ஜெயிச்சிருக்கார். ஆனா எதிராளி மார்செலோ கார்சியா மாதிரி முழங்கைய மேல தூக்கி போடறவரா இருந்தா இந்த வித்தையெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது, டாப் பண்ணிடுங்க.

கேள்வி: ஹீல் ஹூக் கத்துக்கணும், எங்க கோச் சொல்லித் தர மாட்டேங்கறார். நான் ஒயிட் பெல்ட், 4 மாசம்.

உங்க கோச் நல்ல கோச். ஹீல் ஹூக் பாக்கறதுக்கு பாதத்தைத் திருப்பற மாதிரி இருக்கும், ஆனா உடையறது முட்டி. முட்டி மடங்கி நீளத்தான் செஞ்சது, திரும்பறதுக்கு இல்ல, அதனால குதிகாலைப் பிடிச்சு திருப்பினா உள்ள இருக்கற லிகமெண்ட் எல்லாம் வரிசையா போகும். மோசமான விஷயம் என்னன்னா, ஆர்ம்பார்ல வலி முன்னாடியே வந்து எச்சரிக்கும், இதுல வலி வர்றப்ப பாதி கிழிஞ்சிருக்கும். ஜியுஜிட்சு சம்மேளனம் ஐபிஜேஜேஎஃப்லயே 2021ல இருந்துதான் அனுமதி, அதுவும் நோ-கீல (கீ உடுப்பு இல்லாத போட்டி), அடல்ட் ப்ரௌன் பிளாக் பெல்ட்டுக்கு மட்டும். சாம்போக்காரங்க (சாம்போ ரஷ்ய மல்யுத்தம்) காலைப் பூட்டறதுக்கு பேர் போனவங்க, ஸ்போர்ட் சாம்போல அவங்களே குதிகாலைத் திருப்ப விடறதில்ல. ஜூடோல கால் பக்கமே போகக்கூடாது, முழங்கைய மட்டும்தான் பூட்டலாம்.

அதுக்காக கால்பூட்டே வேஸ்ட்டுன்னு சொல்லல. கால்பூட்டுக்கு பேர் போன கோச் ஜான் டனஹர் குரூப் வந்த பிறகு நோ-கீ விளையாட்டே மாறிப் போச்சு, அது உண்மை. உங்களுக்கு இப்போதைக்கு ஸ்ட்ரெய்ட் ஆங்க்கிள் லாக் (கணுக்கால் பூட்டு) போதும், ஒயிட் பெல்ட்டுக்கே அனுமதி உண்டு. இப்பவே கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஹீல் ஹூக்ல மாட்டினா எந்தப் பக்கம் உருளக்கூடாதுன்னு. அதை கோச்கிட்ட கேளுங்க, கண்டிப்பா சொல்லித் தருவார்.

கேள்வி: டாப் பண்ண வெக்கமா இருக்கு. அதுவும் பொண்ணுங்ககிட்ட.

என்கிட்ட வாங்க, வெக்கப்பட டைம் இருக்காது.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு, கிளாஸ்ல சேர்க்கலாமா? சோக் எல்லாம் சொல்லித் தருவாங்களா?

தாராளமா சேர்க்கலாம். அந்த வயசுல விழ, உருள, மேல ஏறி உக்கார, கீழ இருந்து எழுந்து வரத்தான் சொல்லித் தரணும், அதுவே அவ்ளோ ஜாலியா இருக்கும். போட்டிகள்லயும் சின்ன வயசுப் பிரிவுகளுக்கு தனி ரூல், நிறைய பிடிகளுக்குத் தடை. சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் முழுக்க உக்காந்து பாருங்க. ஒரு குழந்தை டாப் பண்ண உடனே இன்னொரு குழந்தை விடுதா, விடலன்னா கோச் என்ன பண்றார்னு பாருங்க. சிரிச்சுட்டு சும்மா இருந்தார்னா வேற இடம் தேடுங்க.

கேள்வி: கடைசியா ஒண்ணு அக்கா, காலர் சோக் ப்ராக்டிஸ் பண்ணா கழுத்துல சிவப்பா தடம் விழுது. ஆபீஸ்ல ஒரு மாதிரி பாக்கறாங்க!

ஹாஹா, இது எல்லாருக்கும் வர்றதுதான். புது கீன்னா துணி மொரமொரப்பு போற வரைக்கும் ரெண்டு மூணு தடவை அலசிட்டு போடுங்க, ரோல் முடிஞ்ச உடனே குளிச்சுடுங்க, உரசின இடத்துல இன்ஃபெக்‌ஷன் சீக்கிரம் பிடிக்கும். வட்டமா, ஓரம் தடிச்சு, அரிப்பா இருந்தா அது காலர் தடம் இல்ல, படர்தாமரை, டாக்டர்கிட்ட காட்டற வரைக்கும் மேட்டுப் பக்கம் வராதீங்க. ஆபீஸ்ல கேட்டா உண்மையச் சொல்லுங்க, நான் சொன்னேன், யாரும் நம்பல.