மூலப்பத்திரம் இல்லாத நாடு: கம்போடியா கேள்வி பதில்

தலைநகர் புனோம் பென்னில் சில வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கம்போடியாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், அங்கே கடைக்குக் கடை அமெரிக்க டாலர்தான் ஓடுகிறதாமே? சொந்தப் பணம் கிடையாதா?

ரியெல் இருக்கிறது. ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். சந்தையில் மீன் வாங்கிவிட்டு டாலர் நோட்டை நீட்டினால், மீன்கார அம்மா முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் நகமளவு கிழிசல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். மீதியில் டாலருக்குக் குறைந்த சில்லறை மட்டும் ரியெலாக வரும்.

டாலர் இப்படி ஓடுவதற்குப் பழைய கதை இருக்கிறது. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னைப் பிடித்ததும் மொத்த நகரத்தையும் காலி செய்து, மக்களை வயலுக்கு விரட்டியது. பணம் என்பதையே ஒழித்தது. மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. ரியெல் திரும்பி வந்தது 1980இல்தான். அப்புறம் 1992-93இல் ஐ.நா. படையோடு வந்து இறங்கிய டாலர் அப்படியே தங்கிவிட்டது. கையிலிருந்த காசு ஒரே நாளில் வெறும் காகிதமானதைப் பார்த்தவர்கள் ரியெலில் சேமிக்கத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெருக்கடி வந்தால் மத்திய வங்கியால் டாலர் அச்சடிக்க முடியாதே, நாடு கொடுக்கும் விலை அதுதான்.

நிலத் தகராறு ஏன் அவ்வளவு அதிகம்?

என்னை மிகவும் வருத்துவது இதுதான். தனிச்சொத்தை ஒழித்த கெமர் ரூஜ் ஆட்கள் நிலப் பதிவேடு, வரைபடம் எல்லாவற்றையும் அழித்தார்கள். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தது. பிழைத்துத் திரும்பியவர்கள் காலியாகக் கிடந்த இடத்தில் குடியேறினார்கள். யாரிடமும் மூலப்பத்திரம் கிடையாது. தனியுடைமை மறுபடி வந்தது 1989இல். 2001 நிலச் சட்டம், அதற்கு முன்பே ஐந்து வருடம் தகராறில்லாமல் அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அனுபவித்ததை நிரூபிக்கவும் ஆள்பலமும் காகிதமும் வேண்டும்.

தலைநகரின் நடுவே பொயெங் காக் என்று ஒரு ஏரி இருந்தது. 2007இல் அதை 99 வருடக் குத்தகைக்கு விட்டு, மணல் கொட்டி மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. போராடிய பெண்கள் சிறைக்குப் போனார்கள். இதற்காக 2011இல் உலக வங்கியே கம்போடியாவுக்கான புதிய கடனை நிறுத்தி வைத்தது.

கண்ணிவெடி இன்னமும் இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது தம்பி, தாய்லாந்து எல்லையோரம் நிறைய. 1979 முதல் வெடிகளில் இறந்தவர்கள் இருபதாயிரத்தை நெருங்குகிறார்கள். சோதித்து முடிக்காத வயலில் யாரும் துணிந்து உழ முடியாது.

வியட்நாமும் போரில் அழிந்த நாடுதானே? அது எழுந்துவிட்டது. கம்போடியா பழசைச் சாக்குச் சொல்கிறது என்கிறேன்.

பாதிதான் ஒப்புக்கொள்வேன். வியட்நாமில் போர் முடிந்தபோது ஒரு நிர்வாகமும் பள்ளிக்கூடங்களும் நின்றன. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் நான்கு வருடத்துக்குள் சுமார் 17 லட்சம் பேர் இறந்தார்கள். அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவர். படித்தவர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். கெமர் ரூஜ் நடத்திய துவோல் ஸ்லெங் சித்திரவதைக் கூடம் அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள் செங்கல் தடுப்பு வைத்து, ஆள் நீட்டிப் படுக்கவும் சிரமப்படும் அறைகளாக்கியிருக்கிறார்கள். கீழே அதே வகுப்பறைத் தரை. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

பிறகு நாலெழுத்து தெரிந்தவரெல்லாம் வாத்தியார் ஆனார்கள், அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த வாத்தியார்கள். அந்தக் குறை ஒரு தலைமுறையில் தீராது. போதாததற்கு, ஆட்சி விழுந்த பின்னும் 1980கள் முழுக்க ஐ.நா. இருக்கை கெமர் ரூஜ் தரப்பிடமே இருந்தது. மேற்கு நாடுகள் அதற்குப் பின் வந்த புனோம் பென் அரசுக்கு வளர்ச்சி உதவி தரவில்லை.

ஆனால் பொயெங் காக்கைப் பழசின் கணக்கில் எழுத மாட்டேன். அது 2007இல் கையெழுத்துப் போட்டவர்கள் செய்தது.

அடுத்த மாதம் அங்கே வேலையில் சேர்கிறேன். ஏதாவது சொல்லுங்கள் சார்.

கசங்காத டாலர் நோட்டாகப் பார்த்து எடுத்துப் போங்கள். வயதானவர்களிடம் அந்த வருடங்களைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே பேச ஆரம்பித்தால் வேலையை வைத்துவிட்டு உட்காருங்கள்.