கடலாடித் தொகுதி எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி. எனக்குத் திருப்பூரில் வேலை. தாத்தாவின் பழைய வாக்காளர் அட்டையில் கடலாடி சட்டமன்றத் தொகுதி என்று இருக்கிறது. நான் முதல் ஓட்டுப் போட்டதே முதுகுளத்தூர் தொகுதியில்தான். “எங்க ஓட்டைச் சிதறடிக்கத்தான் கடலாடியை ஒழிச்சாங்க” என்கிறார் தாத்தா. உண்மையா? அப்படியே தொகுதி போனாலும் ஊருக்கு என்ன நஷ்டம்? எம்.எல்.ஏ. என்று ஒருவர் இருக்கத்தானே செய்கிறார்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் கோபம் நியாயமானது. அவர் சொல்லும் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடலாடியைக் கொண்டுபோனது ஒரு வகுத்தல் கணக்கு. அதை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு மனசு ஆறாது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான எல்லை மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தது. தமிழ்நாட்டில் அப்போது 6,24,05,679 பேர். தொகுதிகள் 234. வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2,66,700 பேர் வருகிறார்கள். மாவட்டத்துக்கு இத்தனை என்று முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகுதான் மாவட்டத்துக்குள் கோடு போட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 11,87,604. வகுத்துப் பாருங்கள், 4.45 வரும். அரைக்கு மேல் வந்தால் ஒன்றாகக் கூட்டிக்கொள்வார்கள், குறைந்தால் விட்டுவிடுவார்கள். நமக்கு நான்கு என்று ஆயிற்று. அதுவரை திருவாடானை, பரமக்குடி, இராமநாதபுரம், கடலாடி, முதுகுளத்தூர் என்று ஐந்து இருந்தன.

4.45 நான்கரையாக இன்னும் எத்தனை பேர் வேண்டும்? சுமார் 12,500 பேர். மாவட்டம் முழுவதிலும் சேர்த்து அவ்வளவுதான். கணக்கெடுப்பு நடந்தபோது சென்னையிலும் திருப்பூரிலும் குடியிருந்த நம் ஆட்கள் எத்தனை பேர், வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இருந்தவர்கள் எத்தனை பேர்! வெளியூரில் குடியிருப்பவரை அந்த ஊர்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, பிழைப்புத் தேடிப் பிள்ளைகளை அனுப்பிய சீமை இது. அவர்கள் இங்கே இல்லை என்பதற்காகவே ஒரு தொகுதியையும் இழந்தது. இளையான்குடியைப் பறிகொடுத்த சிவகங்கை மாவட்டத்துக்கும் இதே கணக்குதான். அங்கே 4.33. அதே உத்தரவில் சென்னை மாநகரம் 14 தொகுதியிலிருந்து 16 ஆனது.

தொகுதி எல்லை மாறுவது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 1957-இல் முதுகுளத்தூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. முத்துராமலிங்கத் தேவரும், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தனி இடத்தில் பெருமாளும் அங்கிருந்து தேர்வானார்கள். 1961-இல் சட்டம் கொண்டுவந்து இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு கொள்கை இருந்தது. கடலாடி விஷயத்தில் இருந்தது தசமப் புள்ளிக்குப் பின்னால் வந்த எண் மட்டும்தான்.

2006 தேர்தல்தான் கடலாடியின் கடைசித் தேர்தல். அதில் வென்ற சுப. தங்கவேலன் வீட்டுவசதித் துறை அமைச்சரானார். 2011-இல் நிற்பதற்குக் கடலாடி என்ற தொகுதியே இல்லை. அவர் திருவாடானைக்குப் போய் அங்கே வென்றார். மன்னார் வளைகுடாக் கரையின் சட்டமன்ற உறுப்பினர் பாக் நீரிணைக் கரைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேட்பாளர் இன்னொரு தொகுதியைத் தேடிக்கொள்ளலாம். கடலாடிக் கரையில் இருக்கும் மூக்கையூர்க்காரர் எங்கே போவார்?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகள் இன்று ஒரே முதுகுளத்தூர் தொகுதிக்குள் இருக்கின்றன. கமுதிப் பக்கம் பேச்செல்லாம் கண்மாய், வரத்துக்கால், மிளகாய், பருத்தி, பயிர்க் காப்பீடு. அவை உயிர்ப் பிரச்சினைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடற்கரையின் பாடு வேறு. வாலிநோக்கத்தில் உப்பளக் கூலி. மூக்கையூரில் படகு, டீசல், மீன்பிடித் தடைக்காலம். தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குத் தேசியப் பூங்கா விதிகளோடு ஓயாத இழுபறி. நிலத்தடி நீர் உவர்த்துப்போய், நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைக்க வேண்டியிருந்த கரை அது. காவிரிக் கூட்டுக் குடிநீருக்கும் இந்தப் பக்கம் கடைமடை. முன்பு இவற்றையெல்லாம் முதல் வேலையாக எடுத்துப் பேசவேண்டிய ஓர் உறுப்பினர் இருந்தார். இன்று அது பல வேலைகளில் ஒன்று. எம்.எல்.ஏ. நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கரையோர ஓட்டு ஒரு பெரிய உள்நாட்டுத் தொகுதியின் ஓரமாகிப் போனதுதான் நஷ்டம்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் எல்லோரிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். மக்களவை இடங்களைத் தலையெண்ணிப் பிரித்தால் நமக்கு அநீதி என்று டெல்லியிடம் சொல்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்ததற்குத் தண்டனையா என்கிறோம். அது சரியான வாதம், நானும் அந்தப் பக்கம்தான். அதே வாதத்தைக் கடலாடிக்காரர் சென்னையிடம் சொன்னால் நம் பதில் என்ன? பிள்ளைகளை உழைக்க அனுப்பியதற்குத் தண்டனையா என்று அவர் கேட்டால்? ஓட்டுக்கு ஓட்டு மதிப்பு சமமாக இருக்க வேண்டும் என்பது பெரிய கொள்கை, அதை விட்டுவிட முடியாது. ஆனால் சட்டமே மக்கள்தொகையோடு நில அமைப்பையும் போக்குவரத்து வசதியையும் பார்க்கச் சொல்கிறது. நான்கு தொகுதிதான் என்றாலும், கரையைக் கரையோடு சேர்த்துக் கோடு போட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதன்பின் மறுபடியும் ஓர் ஆணையம் வரும், வரைவை வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும், பொது விசாரணை வைக்கும். சென்ற முறையும் அப்படித்தான் நடந்தது. கட்சிக்காரர்கள் தங்கள் பூத் கணக்கோடு வருவார்கள். மீனவர் சங்கங்களும் உப்பளத் தொழிலாளர்களும் ஊர் ஊராகப் பெயர் எழுதி, எந்த ஊர் எந்த ஊரோடு சேரவேண்டும், ஏன் என்று மனுக் கொடுக்க வேண்டும். திருப்பூரிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய வேலையும் அதுதான். வாலிநோக்கத்திலிருந்து நரிப்பையூர் வரை கரையோரக் கிராமங்களின் பட்டியலை ஊராட்சி வாரியாக இப்போதே எழுதத் தொடங்குங்கள். மனுவின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.