பழைய வீராவுக்கு வீட்டிலேயே ஏர்கோன் கேஸ் ஏற்றலாமா?

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அப்பா ஓட்டிய 1996 புரோட்டோன் வீரா இப்போது என்னிடம் இருக்கிறது. பினாங்குப் பாலத்தில் ஓடும்போது ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறது. ஜெலுத்தோங் பக்கம் ஜாமில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. நாலு மாதத்துக்கு ஒரு தடவை பட்டறையில் கேஸ் ஏற்றுகிறார்கள், மறுபடியும் குறைந்துவிடுகிறது. இணையத்தில் கேஸ் டின்னும் மீட்டரும் மலிவாகக் கிடைக்கின்றன. நானே ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஏற்றலாம் தம்பி. சரியான கருவியும் அரை நாள் பொறுமையும் இருந்தால் பாதிக்கு மேல் வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் முதலில் வாங்க நினைக்கும் கேஸ் டின் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. ஓடினால் குளிர், நின்றால் சூடு என்பது ஒன்று. நாலு மாதத்தில் கேஸ் குறைவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்து வந்ததால்தான் இரண்டுமே தீரவில்லை.

ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் கேஸ், காரின் முன்னால் இருக்கும் கண்டன்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையைத் தாண்டி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் மறுபடியும் கம்ப்ரஸருக்கே வருகிறது. மூடிய சுற்று இது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. நாலு மாதத்தில் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் ஒவ்வொரு தடவையும் கேஸை மட்டும் ஏற்றிக் காசு வாங்குவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸரைக் காப்பாற்றும் எண்ணெயும் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. அப்படியே ஓட்டினால் ஒரு நாள் கம்ப்ரஸரே இறுகி நின்றுவிடும்.

நின்றால் குளிராததை முதலில் பார்ப்போம். கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும். வீராவில் ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டன்சருக்கு ஒன்று என இரண்டு விசிறிகள் உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள். கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடித்ததும் கண்டன்சர் விசிறி சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஒரு நீளமான மரக்குச்சியால் இதழை மெல்லத் தள்ளிவிடுங்கள். கை வைக்கவே வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். தள்ளியதும் சுற்ற ஆரம்பித்தால் மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்திருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட ஒயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள்.

விசிறி நன்றாகவே சுற்றுகிறது, ஆனாலும் குளிர் இல்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. கார் நின்ற இடத்தில் ஓடட்டும். தோட்டக் குழாயால் முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர் வந்தால் குறை பெரும்பாலும் கண்டன்சருக்குப் போகும் காற்றில்தான். இருபது வருடத்துக்கு மேலான காரில் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலை, பூச்சி, தூசி எல்லாம் கம்பளம் மாதிரி ஒட்டியிருக்கும். மெதுவாக வரும் தண்ணீரால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். கார் கழுவும் கடையின் பிரஷர் ஜெட்டைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கி, காற்று போகும் வழியே அடைத்துக்கொள்ளும். கடலோரமாகவே ஓடும் பினாங்குக் கார்களில் உப்புக்காற்று அந்தத் தகடுகளைத் தின்றிருக்கும். விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தால் கண்டன்சரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி கசிவுக்கு வருவோம். இதற்கு முதல் கருவி உங்கள் விரல். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, அதோடு வரும் எண்ணெய் தெரியும். எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி படிந்து கருப்புப் பசையாக நிற்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு குழாய் மூட்டையும், ஹோஸை அலுமினியக் குழாயோடு நெரித்த இடத்தையும், கம்ப்ரஸர் கிளட்சுக்குப் பின்புறத்தையும் தடவிப் பாருங்கள். விரலில் மை மாதிரி ஒட்டினால் அங்கே சோப்புத் தண்ணீர் பூசிக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சின்னச் சின்ன நுரையாக மேலே எழும். கேஸ் ஏற்றும் போர்ட்டின் மூடியைத் திறந்து அதன் நடுவிலும் ஒரு சொட்டு விடுங்கள். உள்ளே இருக்கும் வால்வு கோர் சைக்கிள் டியூபில் இருப்பது மாதிரி ஒரு சின்னச் சாமான். இது ஒன்று தளர்ந்ததற்காக மாதக்கணக்கில் கேஸ் ஏற்றி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருப்புப் பசை எங்கேயும் இல்லை, ஆனாலும் கேஸ் குறைகிறது என்றால் சந்தேகம் கூலிங் காயில் மேல்தான். அதற்கு டேஷ்போர்டுக்குள் கை வைக்க வேண்டும், அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

எந்த கேஸ் என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது. 1990களின் நடுப்பகுதி ஆர்-12 என்ற பழைய கேஸ் போய் ஆர்-134ஏ என்ற புது கேஸ் வந்த காலம். போர்ட்டைப் பாருங்கள். மரை போட்டு முடுக்குவது பழைய ஆர்-12 போர்ட். மரை இல்லாமல் 'கிளிக்' என்று மாட்டுவது ஆர்-134ஏ. அதில் தாழ்வழுத்தப் போர்ட் 13 மில்லிமீட்டர், உயரழுத்தப் போர்ட் 16. மாற்றி மாட்ட முடியாதபடிதான் அளவு வைத்திருக்கிறார்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகளிலும் 2010 தொடக்கத்தோடு ஆர்-12 உற்பத்தி நின்றது. அதனால் இன்றைக்கு ஆர்-12 என்று யாராவது விற்றால் டின்னுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது, எரியக்கூடிய கேஸாகவும் இருக்கலாம். உங்கள் கார் இன்னும் மாற்றப்படாத ஆர்-12 வண்டி என்றால் பழைய எண்ணெய் ஆர்-134ஏ-யுடன் கலக்காது. எண்ணெய், மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையர் எல்லாம் மாற்ற வேண்டும். அது முதல் தடவை கை வைக்கிறவர் செய்யும் வேலை இல்லை.

ஆர்-134ஏ என்று உறுதியானால், மூட்டைக் கழற்றும் முன் மீதி கேஸைப் பட்டறையில் மெஷின் வைத்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஸ்பேனரால் தளர்த்தி 'புஸ்' என்று காற்றில் விடுகிறவர்கள் உண்டு. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். இந்த கேஸ் ஒரு கிலோ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு காரில் இருக்கும் 700 கிராமே ஒரு டன் கணக்கு. அதோடு கையும் வெந்துபோகும். தொழில் கற்றுக்கொண்ட நாளில் அவசரப்பட்டு ஒரு மூட்டைத் தளர்த்தினேன். மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம் கட்டைவிரலில் அடித்தது. தோல் வெள்ளையாக மரத்து, அப்புறம் கொப்புளம் கண்டு, ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், நெருப்பில் பட்டால் இந்த கேஸ் விஷமாக மாறும்.

மூட்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். புது ஓ-ரிங் ஆர்-134ஏ-க்கு உரியதா என்று கேட்டு வாங்கி, கம்ப்ரஸர் எண்ணெய் தடவிப் போடுங்கள். காய்ந்த ஓ-ரிங் முடுக்கும்போதே கிழியும். சுற்றைத் திறந்துவிட்டால் ஃபில்டர் டிரையரையும் மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் தண்ணீர் குடித்துவிடும்.

அடுத்தது வேக்குவம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பலர் தாண்டிப்போவது இதைத்தான், தாண்டவே கூடாததும் இதுதான். பம்பை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டரின் இரண்டு ஹோஸையும் மாட்டி, முள் பூஜ்யத்துக்குக் கீழே 29 அங்குலத்தைத் தொடும்வரை இழுத்து, குறைந்தது 45 நிமிடம் ஓடவிடுங்கள். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெயில் சூட்டிலேயே கொதித்து வெளியேறும். ஈரம் நின்றுவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். பம்பை நிறுத்தி வால்வுகளை மூடி அரை மணி நேரம் காத்திருங்கள். முள் ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. அப்போது கேஸ் டின்னைத் தொடாதீர்கள்.

முள் அசையாமல் நின்றால் ஏற்றலாம். எவ்வளவு என்பதைப் பானட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கர் சொல்லும், மீட்டர் சொல்லாது. எஞ்சின் நிற்கும்போது இரண்டு முள்ளும் 90 பிஎஸ்ஐ பக்கம் காட்டினால் கேஸ் நிறைந்திருக்கிறது என்று நினைப்பார்கள். கொஞ்சம் திரவம் இருந்தாலே அந்த வெப்பநிலைக்கு அந்த அழுத்தம் வந்துவிடும். அதனால் சமையலறைத் தராசின் மேல் டின்னை வைத்து எடை பார்த்து ஏற்றுங்கள். ஹோஸில் இருக்கும் காற்றை முதலில் ஒரு கணம் வெளியே விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓட, கதவுகள் திறந்திருக்க, புளோவர் முழு வேகத்தில், தாழ்வழுத்தப் பக்கத்து நீல ஹோஸ் வழியாக மட்டும், டின்னை நிமிர்த்தி வைத்து ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவமாகப் போய்க் கம்ப்ரஸர் வால்வை உடைக்கும். எஞ்சின் ஓடும்போது மீட்டரில் உயரழுத்தப் பக்கத்துச் சிவப்பு வால்வைத் திறந்தால் உயரழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து டின் வெடிக்கும். கசிவை அடைக்கும் மருந்து கலந்த டின்களையும் வாங்காதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், நாளைக்கு கேஸ் எடுக்க வரும் பட்டறைக்காரரின் மெஷினையும் கெடுக்கும்.

முடிந்ததும் நம் ஊர்ப் பகல் வெயிலில் தாழ்வழுத்தம் 30 முதல் 45, உயரழுத்தம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருந்தால் சரி. இரண்டும் அதிகமாக இருந்தால் கேஸ் கூடிவிட்டது அல்லது விசிறி சரியில்லை. தாழ்வு ஏறியும் உயர்வு இறங்கியும் இருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சுவர்ப் பக்கம் போகும் இரண்டு குழாய்களையும் பார்த்தாலும் தெரியும். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லிய குழாய் இளஞ்சூடாக இருக்க வேண்டும்.

இந்த வரிசையிலேயே போங்கள். விசிறியைச் சரிசெய்ததுமே ஜாமில் குளிர் வந்துவிட்டால், கேஸ் வேலையை ஆற அமர ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். ஓ-ரிங் மாற்றிய மூட்டைத் துணியால் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் விரலால் தடவிப் பாருங்கள்.