காசைத் திருப்பிக் கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை மட்டுமே எட்டு மணி நேரம் காட்டுகிற 'எம்பயர்' படத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். யூடியூபில் கிடைத்த ஒரு மணி நேரத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். கட்டடம், கட்டடம், மறுபடியும் அதே கட்டடம். மச்சான் பத்து நிமிஷத்தில் "கரன்ட்டுக்குப் பிடித்த கேடு" என்று எழுந்து போய்விட்டார். நான் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 1.5 வேகத்தில் ஓட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அறுபதுகளில் நியூயார்க்கில் இதை எட்டு மணி நேரம் பார்த்தவர்கள் நிஜமாகவே ரசித்தார்களா? எழுந்து போனவர்கள்தான் நேர்மையானவர்கள், உட்கார்ந்திருந்தவர்கள் பாசாங்கு செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ர., மதுரை

அன்புள்ள ர.,

முதலில் அந்த 1.5 வேகம். வார்ஹோல் படத்தை வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்து, 16 ஃபிரேமில் ஓட்டச் சொன்னார். அவர் எவ்வளவு இழுத்தாரோ, கணக்குப்படி அதே அளவுக்கு நீங்கள் திருப்பிச் சுருக்கிவிட்டீர்கள். 1964 ஜூலை 25 இரவு, டைம்-லைஃப் கட்டடத்தின் 41-ஆவது மாடியில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கண்ட வேகம் அதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்று கேமராவைக் கையாண்டவர் ஜோனாஸ் மேகாஸ். லிதுவேனியாவிலிருந்து அகதியாக வந்தவர், நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் சினிமா பத்தி எழுதியவர். 1965 மார்ச்சில் படம் முதல்முறை திரையிடப்பட்டபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். பத்தே நிமிஷத்தில் முப்பது நாற்பது பேர் வெளியே பாய்ந்து வந்து டிக்கெட் கவுன்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். காசைத் திருப்பித் தராவிட்டால் அடிப்போம், தியேட்டரை உடைப்போம் என்று மிரட்டினார்கள். உங்கள் மச்சானுக்கும் அதே பத்து நிமிஷம்தான் தாங்கியிருக்கிறது, பாருங்கள்.

இதைவிடச் சுவையான கதை லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. கவிஞர் ஜான் ஜியோர்னோ தூங்குவதை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் காட்டுகிற வார்ஹோலின் 'ஸ்லீப்' படத்தை 1964-இல் அங்கே போட்டார்கள். ஐந்நூறு பேர் வந்திருந்தார்கள். எடுத்த எடுப்பில் முக்கால் மணி நேரம் மூச்சு விடும் வயிறு மட்டும்தான். ஒருவர் எழுந்து திரைக்கு ஓடிப்போய், தூங்குகிறவரின் காதருகே "எழுந்திரு!" என்று கத்தினாராம். லாபியில் கூச்சல் முற்றவே, மேனேஜர் மைக் கெட்ஸ் இன்னொரு நாள் படம் பார்க்க இலவச பாஸ் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். கடைசிவரை இருந்தது ஐம்பது பேர். கெட்ஸ் இதையெல்லாம் மணி வாரியாகக் கடிதமாக எழுத, மேகாஸ் அதை அப்படியே தன் பத்தியில் போட்டார்.

என்னைக் கேட்டால், அன்றைக்கு அந்தத் தியேட்டரில் படத்தை மிக நன்றாகப் பார்த்தவர் காதருகே கத்தியவர்தான். திரையில் இருந்தவர் அவருக்கு நிஜமான ஆளாகிவிட்டார், எழுப்பியே ஆகவேண்டிய ஆளாக.

ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பாசாங்குக்காரர்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் எட்டு மணி நேரம் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வார்ஹோலே அதைக் கேட்கவில்லை. சாப்பிடலாம், இருமலாம், வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் படம் அங்கேயே இருக்கும் என்கிற மாதிரிதான் சொன்னார். நம் ஊரில் விடியவிடிய நடக்கும் கூத்தை எல்லாரும் கொட்டக்கொட்ட விழித்தா பார்க்கிறார்கள்? தவிர, 'எம்பயரில்' ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியல்ல. முதலில் திரை வெறும் வெள்ளை, மெல்ல மெல்லக் கட்டடம் அதற்குள்ளிருந்து வெளியே வரும். இருட்டியதும் மேல்மாடிகளின் ஃபிளட்லைட்டுகள் சட்டென்று எரியும். அந்த விளக்குகள் அந்த வருஷ உலகக் கண்காட்சிக்காகப் புதிதாகப் போட்டவை. ரீல் மாற்றிய பிறகு அறை விளக்கை அணைக்க மறந்த சில தருணங்களில், எடுத்தவர்களின் முகமே ஜன்னல் கண்ணாடியில் தெரியும். அதைப் பார்க்க நேர்ந்தவர்களுக்கு அது பெரிய சம்பவம்.

பாசாங்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அதைத் தேடுகிற இடம் வேறு. நியூயார்க் இயக்குநர் ஜாக் ஸ்மித்தின் 'ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்' (1963) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதியான ஃபிலிமில், ஒரு மொட்டைமாடியில், பெண் வேடமிட்ட ஆண்களை வைத்து அவர் எடுத்தது. 1964 மார்ச்சில் போலீஸ் திரையிடலுக்குள் புகுந்து படத்தைப் பறிமுதல் செய்தது, மேகாஸ் உட்படச் சிலர் கைதானார்கள். ஆபாச வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1968-இல், அந்த வழக்கில் படத்தின் பக்கம் நின்ற நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸைத் தலைமை நீதிபதியாக விடாமல் தடுக்க, செனட்டர்களுக்கே இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இவ்வளவு சிரத்தையான பார்வையாளர்கள் வணிக சினிமாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட எந்த அண்டர்கிரவுண்ட் படத்துக்கும் வாய்த்ததில்லை!

ஸ்மித்தின் ஆத்திரம் போலீஸ் மீதைவிட, படத்தைப் போராட்டச் சின்னமாக்கிய மேகாஸ் மீதுதான் அதிகம். ஸ்மித் எடுத்தது ஒரு காமெடி. ஆரம்பத் திரையிடல்களில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்புறம் படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள், வழக்கு வந்தது, சிரிப்பு நின்றே போய்விட்டது என்று பின்னாளில் பேட்டியில் குமுறினார். கருத்துச் சுதந்திரத்தின் சின்னத்தைப் பார்க்க வந்தவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? கோயிலில் போல உட்கார்ந்தார்கள். எழுந்து போனவர்களைவிட, காசு கேட்டுச் சண்டை போட்டவர்களைவிட, இந்தப் பயபக்திதான் அந்தப் படத்துக்கு அதிகம் கெடுதல் செய்தது. மேகாஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் ஸ்மித் கட்சி.

படம் எடுத்தவர்களும் திரையிட்டவர்களும்கூட ஒரே கட்சியாக இல்லை. 1947 முதல் நியூயார்க்கில் 'சினிமா 16' என்ற ஃபிலிம் சொசைட்டியை நடத்திய ஏமஸ் வோகல் தேர்ந்தெடுத்துத்தான் படம் போடுவார். சோதனைப் படங்கள் எடுத்த ஸ்டான் பிராக்கேஜின் ஒரு படத்தை அவர் மறுத்த கோபத்தின் தொடர்ச்சியாகத்தான், எந்தப் படத்தையும் நிராகரிக்காமல் வினியோகிக்கும் கூட்டுறவு அமைப்பை 1962-இல் மேகாஸும் நண்பர்களும் தொடங்கினார்கள். சலிக்காமல் எல்லாவற்றையும் கொட்டினால் நல்லதும் மூழ்கிவிடும் என்றார் வோகல். இரண்டு பேரும் சொன்னது சரிதான், அதுதான் தொல்லை.

அந்த பிராக்கேஜின் 'மோத்லைட்' (1963) படத்தை ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தேன். கேமராவே கிடையாது. செத்த விட்டில்களின் இறக்கைகளையும் புல்லையும் இதழ்களையும் இரண்டு ஒட்டு நாடாக்களுக்கு நடுவில் வைத்து ஒட்டி, அதைப் பிரின்ட் போட்டது. ஒலியும் இல்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பழுப்பு நரம்புகள் படபடவென்று ஓடின. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் திரும்பி, ஆபரேட்டரிடம் "தம்பி, லென்ஸைத் துடைங்க, பூச்சி உக்காந்திருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

மச்சானுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். நாலு நிமிஷம்தான், அவர் எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் முடிந்துவிடும்.